இரண்டு விரற்கடைப் பள்ளம்

மேசை ஆடினால் யாராக இருந்தாலும் ஒரு காகிதத்தை மடித்துக் காலடியில் செருகுவார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் மேசை, கட்டில், பீரோ, துணி துவைக்கிற மெஷின் எல்லாமே காகிதத்தின் மேல்தான் நின்றன. இதையும் நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது, ஐயா. வருகிறவர்கள் எல்லாரும் நேராகக் காலுக்கு வந்துவிடுகிறார்கள், தரையைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை.

வீடு என் மாமனாருடையது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அங்கேதான் இருக்கிறேன். வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும்போது கூடத்தின் சிமெண்டுத் தரை இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரிந்திருக்கும். பாய் விரித்துப் படுத்தால் விடியும்போது நானும் மனைவியும் ஒரே சுவரோரம் கிடப்போம். ஆரம்பத்தில் அதை அன்பு என்று நினைத்தேன்.

மாமனாருக்கு இடது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை. தெருவில் நொண்டுவார், வீட்டுக்குள் நிமிர்ந்து நடப்பார். தெருவில் நொண்டுவது பஸ்ஸில் இடம் பிடிக்க அவர் செய்துவைத்த ஏற்பாடு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இன்னொரு பழக்கமும் உண்டு. கூடத்தில் வாசலிலிருந்து சமையலறைப் பக்கம் மட்டும்தான் நடப்பார். அந்த வழியே திரும்பி வரமாட்டார். பின்வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி முன்வாசலுக்கு வருவார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு சுற்றுவார்.

“என்ன மாமா, கூடம் ஒருவழிப் பாதையா?” என்று கேட்டால், “ஆமா மாப்ள, எதிர்ல வந்தா போலீஸ் பிடிக்கும்” என்று சிரிப்பார். வயதானவர், என்னவோ செய்துகொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தரையை மட்டம் செய்யப்போகிறேன் என்று சொன்ன அன்று அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார்.

“இருக்கிறபடி இருந்தா என்ன மாப்ள?”

“எல்லாம் ஆடுது மாமா.”

“அதுவும் சரிதான். நீங்களும் இருக்கிற வீடுதானே, உங்க இஷ்டம்.”

ஆக, அவர் சம்மதத்தோடுதான் ஆரம்பித்தேன். ஆள் வைக்கவில்லை. பழைய தரையைக் கழுவிக் காயவிட்டு, புதுப் பூச்சு பிடித்துக்கொள்ள ஒட்டுப்பால் பூசி, தானாகப் பரவி மட்டமாகிக்கொள்ளும் கலவைப் பொடியைக் கரைத்து ஊற்றினேன். அது பள்ளத்தைத் தேடிப் போய் நிரம்பி, பால் மேல் ஆடை படிகிற மாதிரி அடங்கியது. காய்ந்ததும் ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழ் நடுவில் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான், ஐயா.

அன்று மாலை மாமனார் வாசலிலிருந்து நடந்து வந்தார். நான்கு அடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் தரையில் அவர் நொண்டினார். அதன்பின் நாற்காலியை விட்டு அவ்வளவாக எழுந்திருப்பதில்லை. மகள் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளிடம் வாயைத் திறந்திருக்கிறார். அவள் சமையலறையில் அழுதுவிட்டு என்னிடம் வந்தாள்.

“வீடு கட்டும்போது அப்பா கொத்தனார் பக்கத்துலயே நின்னு, தன் காலுக்கு அளந்து போடவச்ச தரைங்க அது. அவர் நேரா நடந்த ஒரே இடம். பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க.”

“உடைக்கச் சொல்றியா?”

“உடைங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதரின் நடையை நான் கெடுத்துவிட்டேன். அதே சமயம், உடைங்க என்று இத்தனை சுலபமாக அவள் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பாவை நேராக நடக்க வைப்பது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, தூசி உடம்புக்கு ஆகாது என்று சொல்லி, அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

அடி உயர்த்திய செருப்பு வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். புதுத் தரையில் செருப்போடு நடக்க நான் யாரையும் விடுவதில்லை.

ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய இரண்டு வழிதான் உண்டு. மேட்டைச் செதுக்கலாம், இல்லை பள்ளத்தை நிரப்பலாம். செதுக்குவது முரட்டு வேலை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. இடது காலில் அவருடைய பள்ளம் இரண்டு விரற்கடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியில் நன்றாகத் தூங்குவார், சர்க்கரை வியாதியால் பாதத்தில் சுரணையும் குறைவு. இடது பாதத்தை மெதுவாகத் தூக்கி, கீழே சின்னக் கற்கள் வைத்து, சுற்றிப் பலகை அடைத்து, மிச்சமிருந்த கலவையைக் கணுக்கால் வரை ஊற்றினேன். பிறகு ரசமட்டத்தை அவர் இரண்டு முழங்காலுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்றது.

விழித்ததும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். “மாப்ள, கால் வரமாட்டேங்குது.”

“அசையாதீங்க மாமா. காயணும்.”

“எதுக்கு மாப்ள?”

“நீங்க நடக்கிறதுக்கு.”

ஒரு தவறு நடந்தது, அதை மறைக்கவில்லை. அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்துவிட்டேன். கலவை தரையோடு சேர்ந்து பிடித்துக்கொண்டது. இழுத்தால் தரை பெயரும். முழுசாக இறுகட்டும், அப்புறம் பக்குவமாக வெட்டி எடுக்கலாம் என்று சில நாள் காத்திருந்தேன். வெடிப்பு விடாமலிருக்க வேளா வேளைக்கு ஈரச் சாக்கு சுற்றினேன். சோறு ஊட்டினேன், முகம் துடைத்தேன், செய்தித்தாள் படித்துக் காட்டினேன். பெற்ற மகன்கூட அப்படிச் செய்ய மாட்டான். அவர் சத்தம் போட்டபோது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று ரேடியோ வைத்தேன். மனைவி போன் செய்து, அப்பா என்ன பண்றார் என்று கேட்டாள். உட்கார்ந்திருக்கார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கலவை இறுகும்போது சூடு கிளம்பும். அவர் உடம்பு அனலாகச் சுட்டதை நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

மனைவி சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தாள். அப்பாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போன் செய்தாள். ஆம்புலன்ஸ்காரர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன், கேட்கவில்லை. கடப்பாரை வந்தது. நாற்காலியைச் சுற்றி இருந்த தரை முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். அதை நான் நின்று பார்த்தேன். யாரும் என்னைத் தேற்றவில்லை.

ஆஸ்பத்திரியில், கால் அழுகிவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எந்தக் கால் என்று கேட்டேன். இடது என்றார். நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். “வெட்டித்தான் ஆகணும்னா வலது காலை வெட்டுங்க டாக்டர். ரெண்டு விரற்கடை போதும்.” அவர் உங்களுக்குப் போன் செய்தார்.

ஆமாம், கலவையை ஊற்றியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் நான் ஊற்றிய அன்று அந்த மனிதர் மட்டமாக இருந்தார், ரசமட்டம் சாட்சி. இன்று அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய பள்ளத்தை யார் தோண்டினார்கள் என்று நீங்கள் அந்த டாக்டரைத்தான் விசாரிக்க வேண்டும்.