தண்ணி மெஷினுக்குக் காவல்

இல்ல சேர், கோவிச்சுக்காதீங்க, சிரிப்பு வந்திருச்சு. தோட்டத்து ஹோல்ல மைக்கப் புடிச்சு மனவுறுதி, மனவுறுதின்னு ஒரு மணித்தியாலம் பேசினீங்களே, அதுக்கில்ல. கடைசில கஜேந்திரன் கழுத்துல மால போட்டீங்க பாருங்க, அதுக்குத்தான். வீரனாம்!

அப்பிடி என்னா செஞ்சுட்டான்? மாணிக்கக் குழிக்குள்ள தண்ணி ஏறிருச்சு, மூக்கையாண்ணே உள்ள மாட்டிக்கிட்டாரு, இவன் குதிச்சுத் தூக்கினான். யோசிக்க எங்க நேரம்? சிங்கள ஆளுங்க வீரயா, வீரயான்னு தோள்ல தூக்கிட்டாங்க. அஞ்சு நிமிசம் எவன் வேணாலும் வீரனா இருக்கலாம் சேர்.

என்னாது, அப்ப எதுதான் வீரமா? நீங்கதானே சொன்னீங்க, மனச ஒரே விசயத்துல புடிச்சு வைக்கிறதுதான் உறுதின்னு. பேசினதுல அது ஒண்ணுதான் உருப்படி. அதுவும் நீங்க படிச்சது, பட்டதில்ல. குழிக்கு மேல தண்ணி எறைக்கிற மெஷின் ஓடும். அது பக்கத்துல காலைலருந்து ஆறு மணித்தியாலம் ஒக்காந்து பாருங்க. டீசல் இருக்கா, குழாய்ல சேறு அடைக்குதா, சத்தம் மாறுதா, அம்புட்டுத்தான் வேல. மனசு ஓடும், இழுத்துட்டு வரணும். மறுபடி ஓடும், மறுபடி இழுக்கணும். அதுக்கு எவனாச்சும் மால போடுவானா? மெஷின் நின்னுச்சுன்னா கொஞ்ச நேரத்துல கீழ இருக்கிறவன் கழுத்துக்குத் தண்ணி.

ஆமா, மெஷின் பழசு, தானா நின்னுருச்சுன்னுதான் ஊரெல்லாம் பேச்சு. மூக்கையாண்ணேயும் அப்பிடித்தான் நம்புறாரு. முட்டுக் குடுத்த மரம் சரிஞ்சு அவருக்குக் காலு ரெண்டும் போச்சு. மொத வரிசையில சக்கர நாக்காலில இருந்து கை தட்டினாரே, அவருதான்.

பழசெல்லாம் இல்ல. டீசல் முடிஞ்சு நின்னுச்சு. என் காதுல இயர்போன், கையில போன், மேட்ச்சுல கடைசி ஓவரு. சத்தம் நின்னதே எனக்குக் கேக்கல. கல்லு அலசுற ஓடைப் பக்கமிருந்து கஜேந்திரன் கத்திக்கிட்டு ஓடி வந்தான், அப்பத்தான் தலையத் தூக்கினேன். போனப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், குதிச்சுட்டான்.

மெஷின் பழசுன்னு மொதல்ல சொன்னது நான்தான். அவன் பக்கத்துலதான் நின்னான்.

பதினோரு மாசமாச்சு சேர். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல, அந்தப் பய.