துபாயிலும் அறந்தாங்கியிலும் இருக்கும் மாப்பிள்ளை

கட்டுமாவடி மீன் மட்டும் கிடைத்துவிட்டால், என் தங்கை மெர்லின் வைக்கிற குழம்புக்கு ஈடே கிடையாது. நான் ருசித்துச் சாப்பிடுகிறவன். அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் வரன் பார்த்துத் தருகிற கம்ப்யூட்டர் புரோகிராம் நான் எழுதிக் கொடுத்ததுதான், காசு வாங்காமல். பையன் வயது பெண்ணின் வயதைவிட அதிகமா என்று பார்க்கும், படிப்பைப் பார்க்கும், பொருந்தினால் பெயரைக் காட்டும். பங்குத்தந்தை பூசையிலேயே என்னைப் பாராட்டினார்.

மெர்லினின் விவரத்தையும் நான்தான் ஏற்றினேன்.

“வெளிநாட்டுல இருந்தாலும் சரிண்ணே, உள்ளூர்ல இருந்தாலும் சரி. நல்ல மனுசனா இருந்தாப் போதும்” என்றாள்.

இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, நடுவில் ‘அல்லது’ போட வேண்டும். அவள் பதிவில் மட்டும் நான் ‘மற்றும்’ போட்டேன். அதாவது மாப்பிள்ளை துபாயிலும் இருக்க வேண்டும், அதே சமயம் எங்கள் ஊர் அறந்தாங்கியிலும் இருக்க வேண்டும். அப்படி ஒருவன் இன்னும் பிறக்கவில்லை.

கைதவறிப் போட்டதல்ல. அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். மெர்லின் கட்டிக்கொண்டு போய்விட்டால், என் மனைவி சோபியா டீச்சர் வேலையை விட வேண்டும். நீங்களே சொல்லுங்கள், அரசாங்க வேலையை யாராவது விடுவார்களா?

மெர்லின் அவ்வப்போது வந்து நிற்பாள். “ஏதாச்சும் வந்திருக்காண்ணே?”

நான் ஒளிக்க மாட்டேன். திரையை அவள் பக்கம் திருப்பியே காட்டுவேன். ‘பொருத்தம் எதுவும் இல்லை’ என்று இருக்கும்.

“எனக்குன்னு ஒருத்தன்கூடவா இல்ல?” என்று சிரிப்பாள். அப்புறம் அடுப்படிக்குப் போனால் வெகுநேரம் வெளியே வர மாட்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். வரன் அமைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போனாள். நல்ல செருப்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

போன தவக்காலத்துக்கு முந்தின தவக்காலத்தில் அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாளே, மாற்றிவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆனால் சோபியா அப்போது முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வது? எழுந்து வந்துவிட்டேன்.

பையன் இப்போது மெர்லினிடம்தான் தூங்குகிறான். அவளுக்கும் நாற்பது நெருங்குகிறது. இவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும், கண்டிப்பாக மாற்றிவிடுவேன். கூடப்பிறந்த அண்ணன் நான் ஒருத்தன் இருக்கும்போது, அவளை அப்படியே விட்டுவிடுவேனா?