கரண்ட் போனால் நடக்கும் வேலை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜன்னலோரத்துக்காரர் சொன்னார்:

"கரண்ட் போனாத்தான் மச்சான் எங்க ஆபீஸ்ல வேல நடக்குது."

"என்னா சொல்ற?"

"கரண்ட் இருந்தா ஏசி ரூம்ல மீட்டிங்கு. வேல ஏன் முடியலன்னு சாயங்காலம் வரைக்கும் பேசுவோம். கரண்ட் போச்சுன்னா, புழுக்கம் தாங்காம மேனேஜர் மீட்டிங்க கலைச்சிடுவாரு. அவனவன் சீட்டுக்குப் போயி, தேங்கிக் கெடக்குற மனுவ பூரா முடிச்சிடுறோம்."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரியாம? நாங்க வேல செய்றதப் பாத்து அவருக்கு சந்தோசம் தாங்கல. கரண்ட் இல்லாமயே இவ்ளோ செய்றாங்களே, இருந்தா எவ்ளோ செய்வாங்கன்னு ஜெனரேட்டர் வாங்கி வச்சிட்டாரு."

நண்பர் தலையில் கை வைத்தார். "போச்சுடா!"

"ஒண்ணும் போவல. டீசல் ஊத்துற பொறுப்ப நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"அதனால?"

"ஊத்தவே மாட்டேன்."