உயிரோடிருப்பதாகச் சொல்ல மறுத்த உமாமகேஸ்வரி அம்மையாருக்கு

பரமக்குடி தந்த பண்பின் உறைவிடமே! வழி தெரியாது வந்தோர்க்கு வாயாகி நின்ற பெருந்தகையே! இன்று பணி ஓய்வு பெறும் அம்மையீர், வணக்கம்.

நம் மருத்துவமனைக்குப் பதிவுப் பிரிவு எழுத்தராக வந்தீர்கள். கணவரின் ரயில்வே வேலையால் ஒடிசாவின் கட்டாக்கில் வாழ்ந்து கற்ற ஒடியா, இக்கடற்கரை இறால் பண்ணைகளுக்குப் பிழைக்க வந்தவர்களின் துணையானது. எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் தமிழில் கேட்பார். நோயாளி ஒடியாவில் அழுவார். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நிற்பீர்கள். உங்கள் ஒடியாவில் பரமக்குடி வாடை அடிக்கிறது என்று அவர்கள் சிரித்தால், கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். இந்த வேலைக்கு யாரும் உங்களை நியமிக்கவில்லை.

பண்ணையில் மின்சாரம் தாக்கிய இளைஞன் ஒருவன் இங்கே கொண்டுவரும்போதே இறந்திருந்தான். சாவை நேராகச் சொல்லாமல், சீரியஸாக இருக்கிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்பதுதான் நம் பக்கத்து வழக்கம். வழியில் மனம் உடைந்துவிடக் கூடாதே என்ற இரக்கம் அது. மருத்துவர் அப்படித்தான் சொல்லச் சொன்னார். நீங்களும் அவன் தாயிடம் போனில் அப்படியே சொன்னீர்கள்.

அந்தத் தாய் இளைய மகனோடு ரயிலேறி வந்தார். அண்ணனுக்கு ரத்தம் கொடுக்கத் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். அவர்களைப் பிணவறைக்கு அழைத்துப் போனதும் நீங்கள்தான். அங்கே அந்தத் தாய் கேட்டதைப் பிறகு எங்களிடம் சொல்லி அழுதீர்கள்: "என் பாஷையில சொன்னியே, அதனாலதான நம்புனேன்."

மறுநாள் மருத்துவரிடம் போய் நின்றீர்கள். "இல்லாத பிள்ளைய இருக்குதுன்னு இனிமே என் வாயால சொல்ல மாட்டேன் டாக்டர். செத்துப்போச்சுன்னு நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன்."

அன்றுமுதல் அப்படித்தான். கல்மனசுக்காரி என்று பண்ணைக்காரர்கள் ஏசினார்கள். அந்த முனையில் அழுகை அடங்கும்வரை நீங்கள் போனை வைத்ததில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். அப்படிச் சொன்ன நாட்களில் உங்கள் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குப் போகும். உங்களைப் பார்க்கவே எங்களுக்கு வேதனையாக இருக்கும்.

அம்மையீர்! நோய் அண்டாது, மனம் நோகாது, பேரப்பிள்ளைகள் சூழ நீடு வாழ்க! இனி நல்ல சேதிகளை மட்டுமே உங்கள் நா சொல்லட்டும்!

இப்படித்தான் முடித்திருந்தோம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் வாழ்த்து மடலில் எழுதக் கூடாததுதான், ஆனாலும் எழுதுகிறோம். இன்று காலை பண்ணையிலிருந்து ஓர் உடல் வந்திருக்கிறது. ஊரில் மனைவி இருக்கிறாராம். உங்கள் இடத்துக்கு எவரும் நியமிக்கப்படவில்லை; எங்களில் ஒருவருக்கும் ஒடியா தெரியாது. மாலையைக் கழற்றியதும் ஒருமுறை பதிவுப் பிரிவுக்கு வாருங்கள் அம்மா. அந்தப் பெண்ணுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

கலங்கிய நெஞ்சோடு,
மருத்துவமனைப் பணியாளர்கள்
இராமநாதபுரம்