ஆயுத பூஜைக்குக் கழித்த லாக்

சர்வர் அறைக்குள் செருப்புப் போட்டு வரக்கூடாது என்று எழுதி ஒட்டியவன் நான்தான், சார். இளம்பிள்ளையில் எத்தனையோ சேலைக் கம்பெனிகள் இருக்கின்றன. சர்வர் அறையை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவன் இந்தத் தீனதயாளன் ஒருவன்தான். முதலாளி சின்னுசாமி அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஆயுத பூஜையன்று சர்வருக்குப் பொட்டு வைக்க. போன வருஷம் வைத்த விபூதி உள்ளே போய் ஒரு நாள் முழுக்க பில் போட முடியவில்லை. அவ்வளவு பக்தி.

இந்த வருஷமும் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் உத்தரவு வந்தது, பழையதையெல்லாம் கழித்துவிடச் சொல்லி. மற்றவர்கள் ஒட்டடை அடித்தார்கள். என் பங்குக்கு ஃபயர்வால் லாக். எந்த கம்ப்யூட்டரிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே என்ன போனது என்று நாளுக்கு ஒரு கோப்பாக அது தானே எழுதி வைக்கும். கடைசி ஆறு மாத லாக்கைத் தொடக்கூடாது என்று விதி உண்டு. ஆபீசில் அந்த விதி தெரிந்தவன் நான் மட்டும்தான், அதனால் மீறும் வசதியும் எனக்கு மட்டும்தான்.

அதற்குப் பத்து நாள் முன்புதான் எங்கள் தீபாவளி டிசைன்கள் நாற்பதும் வேறொரு கம்பெனிக்குப் போயிருந்தன. போனது அறிவுச்செல்வியின் பாஸ்வேர்டில். டிசைன் போட்டவளும் அவளே. முதலாளி அத்தனை பேர் முன்னால் அவளைத் திருடி என்றார். ஜூலையில் இதே வாயால்தான், "தீனா, இனி ஆபீஸ் பொறுப்பு அறிவுதான். சர்வர் பாஸ்வேர்டையும் அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துருங்க" என்றிருந்தார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

அவள் நேரே என்னிடம் வந்தாள். "அண்ணா, அன்னைக்கு நான் லீவுங்க. எந்த மிஷின்ல இருந்து போச்சுன்னு லாக்குல இருக்குமில்லீங்க? நீங்க சொன்னா முதலாளி நம்புவாருங்க."

"பூசை முடியட்டும் சாமி, எடுத்துத் தாரேன்" என்றேன்.

பூஜை முடிந்தது. பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். லாக் கழிவில் போய்விட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். கழிக்கச் சொன்னவர் அவர்தானே. அடுத்த வாரம் அவளைக் கைது செய்தார்கள். ஜாமீனில் வந்தவள் மோகனூரில் மாமன் வீட்டில் நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் காவிரியில் உடல் கிடைத்தது. ஆபீஸ் சார்பில் மாலை கொண்டுபோனது நான்தான். நல்ல ரோஜா மாலை, சொல்லிக் கட்டியது.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பூஜைக்குப் பழையதைக் கழித்தேன் என்றால், நான்கு வருஷத்து லாக் அப்படியே கிடக்க, செப்டம்பர் பதினெட்டாம் தேதிக் கோப்பு மட்டும் எப்படிப் போனது? அன்று பதினொன்றேகால் மணிக்கு டிசைன்கள் போனது என் மிஷினிலிருந்து. அவளுக்கு பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தவனே நான்தான். அனுப்பியதும் நான், அழித்ததும் நான்.

ஆனால் காப்பி எடுக்காமல் எதையும் அழிக்கிற ஆள் இல்லை நான். நேற்று என் பையிலிருந்து எடுத்தீர்களே, அந்த பென் டிரைவில் அது பத்திரமாக இருக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அவள் மூன்று தடவைதான் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.