தம்பி ஊதிக் காட்டினான்

மலை உச்சிக் காட்டிலிருந்த அந்த முகாமில் நாங்கள் ஐந்து பேர்: நான், என் மகள், அவளுக்குப் பேசி முடித்திருந்த இடத்துச் சம்பந்தி, அவர் மனைவி, என் தம்பி. காற்று அருமையாக இருந்தது. தேநீர்தான் எவ்வளவு கொதித்தாலும் நாக்கில் சுடவில்லை.

கல்யாணத்துக்கு முன் இரு குடும்பமும் பழகட்டும் என்று சம்பந்திதான் ஏற்பாடு செய்தார். தம்பியை அழைத்துவர எனக்கு மனமில்லை. லாரிப் பட்டறையில் வேலை; ஒரு காலத்தில் தினமும் குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவன். விட்டு இரண்டு வருடம் ஆயிற்று என்றான். "சித்தப்பா வரலன்னா நானும் வரல" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

நுழைவாயிலில் வனக்காவலர் என்னிடம்தான் கையெழுத்து வாங்கினார். "பெரியவரே, இந்த உயரம் சிலருக்கு ஒத்துக்காது. தலை வலிக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். அப்படி ஆச்சுன்னா யோசிக்காம கீழ இறக்கிடணும். நம்ம ஜீப் இருக்கு."

தெரியும் என்றேன்.

இரண்டாம் நாள் மதியம் தம்பி கூடாரக் கயிற்றில் இடறி, சம்பந்தியம்மாவின் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். என்னவோ சொன்னான், புரியவில்லை. சம்பந்தி சிரித்தார். "என்ன சம்பந்தி, தம்பி பகல்லயே சுருதி ஏத்திட்டாரா?"

"பழைய பழக்கம். மன்னிக்கணும்" என்று கைகூப்பினேன். அதுவரை யார் முன்னும் அப்படிக் கூப்பாத கை.

கூடாரத்துக்குள் இழுத்துப்போய்த் தள்ளினேன்.

"அண்ணே, தலை வெடிக்குது. கீழ கூட்டிட்டுப் போ. சத்தியமா தொடலண்ணே. வேணும்னா ஊதிக் காட்டறேன்."

ஊதினான். பற்பசை வாசனை மட்டும் வந்தது.

தவறாகச் சொல்லிவிட்டேன் என்று வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்ன சொல்லை மாற்றுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. கூடார வாசலின் ஜிப்பை இழுத்து மூடி, அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு ஜீப்பில் வந்த காவலர், "எல்லாரும் சௌக்கியமா?" என்றார். சௌக்கியம் என்றேன்.

"சித்தப்பா எங்கப்பா?" என்று மகள் கேட்டாள்.

"தூங்கறான். எழுப்பாதே."

உள்ளேயிருந்து மூன்று முறை 'அண்ணே' என்று கேட்டது. நல்லவேளை, மற்றவர்கள் காதில் விழுகிற அளவுக்கு அவனுக்குக் குரல் இல்லை.

விடிந்ததும் நான்தான் முதலில் திறந்தேன். போர்வையைச் சரிசெய்தேன். செய்யவேண்டிய வேறொன்றையும் செய்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டேன். மூன்று மாதம் தள்ளிக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டில் என் மரியாதைக்குக் குறைவில்லை.

நேற்று மகள் தன் வீட்டுச் சுவரிலிருந்து சித்தப்பாவின் படத்தைக் கழற்றினாள். "குடிச்சே செத்த மனுஷன்பா, பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?" என்றாள். ஆணி மட்டும் நின்றது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் குடித்துச் செத்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தலைமாட்டில் கிடந்த புட்டி, குளிருக்கென்று நான் கொண்டுபோனது. பாதியைக் குடித்தவன் நான். மீதியை அவன் சட்டையில் ஊற்றியவனும் நான்.