யாரும் சாகாத நாடகம்

றிப்கா: சாகணும் தம்பி. எழுதியிரிக்கிற மாதிரி சாகணும். நெஞ்சப் புடிச்சிட்டு அந்த பெஞ்சுல சாஞ்சா போதும்.

கிஷாந்தன்: காலையில இருந்து ஏழெட்டு தடவ செத்துட்டேன் அக்கா. இடுப்பு விட்டுப்போச்சு.

றிப்கா: ஒருக்காவும் ஒழுங்காச் சாகல்லயே. இப்ப எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. கூச்சப்படாம ஒருக்கா செத்துக் காட்டு, நாமளும் போயிடலாம்.

கிஷாந்தன்: கூச்சமெல்லாம் இல்லக்கா... இது சரியில்ல.

றிப்கா: எது?

கிஷாந்தன்: சாகறது.

றிப்கா: யா அல்லாஹ்... நாளைக்கு நாடகம். புதுசா காலேஜுக்கு வந்த பிள்ளைங்க, அவங்கட உம்மா வாப்பா, பிரின்சிபல், பொலிஸ்ல இருந்து ஒரு ஐயா... எல்லாரும் வந்து உக்காந்த பிறகு, ஐஸ் போதை அடிக்கிறவனா நடிக்கிற ஆள் சாகமாட்டேன்னு அடம்புடிச்சா நான் என்ன செய்ய?

கிஷாந்தன்: கோவிக்காதீங்க. ஒண்ணு கேக்குறேன். இந்த நாடகத்த எதுக்குப் போடுறோம்?

றிப்கா: போதைக்கு எதிரா.

கிஷாந்தன்: அதில்ல. சிவரூபி மிஸ் நம்மகிட்ட என்ன சொன்னாங்க?

றிப்கா: லைப்ரரிக்குப் பின்னால மிஸ்ட கவுன்சிலிங் ரூம் திறந்திரிக்கிறது எல்லாருக்கும் தெரியணும்னு. மாட்டுப்பட முந்தி தானா வந்து சொல்ற பிள்ளைய காலேஜ விட்டு வெளியாக்க மாட்டாங்க, பொலிசுக்கும் வீட்டுக்கும் சொல்லமாட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு.

கிஷாந்தன்: ஆங். அத சொல்றதுக்குத்தான் நாடகம். நம்ம ஆளு மூணாவது சீன்லயே போய்ச் சேந்துர்றான். செத்தவன் எந்த ரூமுக்கு அக்கா போவான்? சிரிக்கிறீங்க.

றிப்கா: சிரிக்கல்ல. தூசு. அவன் செத்த பிறகு உம்மாக்காரி அழுவா, அந்த நேரத்துல ஒருத்தி வந்து ரூம் எங்க இரிக்குன்னு சொல்லுவா. எல்லாம் எழுதித்தான் இரிக்கு.

கிஷாந்தன்: தாய்க்காரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுகைல, ரூமுக்கு வழி சொன்னா யாருக்குக் கேக்கும்?

றிப்கா: எல்லா நாடகத்துலயும் சாகத்தானே செய்றான். நான் ஸ்கூல்ல படிக்கிற காலத்துலயும் செத்தான்.

கிஷாந்தன்: எங்க தேயிலைத் தோட்டத்துலயும் வந்து செத்துட்டுப் போனான். கண்ணுக்குக் கீழ கரி, தலையெல்லாம் பறட்டை. பாத்துட்டு எங்க பயலுக என்ன சொன்னானுக தெரியுமா? நாம அப்பிடி இல்லையே, அப்ப நமக்கு ஒண்ணும் இல்லன்னானுக. நிம்மதியா போயி தூங்குனானுக.

றிப்கா: அதுக்கு நீ ரெண்டாவது சீன்லயும் இஷ்டத்துக்கு நடிப்பியா? தள்ளாடி வான்னு எழுதியிரிக்கேன். நீ கலியாண வீட்டுக்கு வர்ற மாதிரி நேரா நடந்து வர்ற.

கிஷாந்தன்: தள்ளாடுறது சாராயம் குடிச்சவன் அக்கா. இவன் அப்பிடி இல்ல. நல்லா இருப்பான். ரொம்ப நல்லா இருப்பான். ராத்திரியெல்லாம் முழிச்சு ரூமைக் கூட்டுவான். கூட்டுன எடத்தையே கூட்டுவான். ஹொஸ்டல்ல எல்லாரும், பாரு எவ்வளவு சுத்தமான பயன்னு சொல்லுவாங்க. சோத்தைக் கண்டா மட்டும் ஆகாது. வீட்டுல இருந்து போன் வந்தா எடுக்கமாட்டான். அம்மா குரலக் கேட்டா... என்னமோ ஆயிரும் அவனுக்கு. என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க? என் பிரெண்ட் ஒருத்தன். அவனப் பாத்துத்தான் சொல்றேன்.

றிப்கா: பிரெண்டா.

கிஷாந்தன்: ஆமா.

றிப்கா: எந்த ஊரு?

கிஷாந்தன்: பசறைப் பக்கம்.

றிப்கா: உன்ட தோட்டமும் பசறைப் பக்கம்தானே.

கிஷாந்தன்: பசறையில நெறைய பேரு இருக்காங்க அக்கா. பஸ்ஸுல எடம் கெடைக்கறதே இல்ல.

றிப்கா: சரி சரி. அந்தப் பிரெண்ட் ஏன் மிஸ்ட ரூமுக்குப் போகல்ல?

கிஷாந்தன்: எப்பிடிப் போவான்? போன வருஷம் ஒருத்தன வெளியாக்கினாங்களே, ஞாபகம் இருக்கா? அவன் இப்ப எல்ல டவுன்ல சுத்துறான். இங்க இருக்கைல வாங்குனவன், இப்ப விக்கிறான். வெளியாக்கி யாருக்கு என்ன கெடைச்சிச்சு?

றிப்கா: அது அப்ப. அதப் பாத்துத்தானே மிஸ் சண்டை புடிச்சு சட்டத்த மாத்தினாங்க.

கிஷாந்தன்: சட்டத்த மாத்துனாங்க. போன மாசம் ஹொஸ்டலுக்கு பொலிஸ் மோப்ப நாயையும் கூட்டிக்கிட்டு வந்தாங்களே. நாய் வருதுன்னு மொத நாளே எல்லாருக்கும் தெரியும். பாவம், அது கெண்டின்ல ரோல்ஸ் தின்னுட்டுப் போச்சு. ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் வா மகனே பேசலாம்னா... எத நம்புறது?

றிப்கா: நம்பாம இருந்தா அவனுக்கு என்ன மிச்சம்?

கிஷாந்தன்: நம்பிப் போயி ஒரு கடுதாசி வீட்டுக்குப் போச்சுன்னா? நீங்க டவுன்ல இருக்கவங்க, ஒங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு கடுதாசி லயத்து வீட்டுக்கு வராது. தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல வச்சுக் குடுப்பாங்க. கைக்கு வர முந்தியே எந்த எடத்துக் கடுதாசி, ஏன் வந்துச்சுன்னு மலை முழுக்கத் தெரிஞ்சிரும். எங்கம்மா அதக் கையில வாங்கிக்கிட்டு அத்தனை பேரு முன்னாடி எப்பிடி கொழுந்தெடுக்கப் போவாங்க?

றிப்கா: உன்ட அம்மாவா?

கிஷாந்தன்: அவன் அம்மாவச் சொல்றேன்.

றிப்கா: வெளங்குது.

சிவரூபி மிஸ்: என்ன, ரெண்டு பேரும் இன்னும் இஞ்சதான் நிக்கிறியளோ? அங்க தேத்தண்ணி ஆறுது.

றிப்கா: இந்தா வர்றோம் மிஸ். முடிவுல ஒரு சின்னப் பிரச்சினை.

சிவரூபி மிஸ்: இன்னும் முடிவு சரிவரேல்லையோ? றிப்கா, உம்மை நம்பித்தானே பொறுப்புத் தந்தனான். நீர் இதுகளைக் கண்டிருக்க மாட்டீர், அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. தெரிஞ்ச ஆக்களிட்டக் கேட்டெண்டாலும் எழுதியிருக்கலாம்.

றிப்கா: சரி மிஸ். கேட்டு எழுதுறேன்.

கிஷாந்தன்: மிஸ்... ஒண்ணு கேக்கலாமா?

சிவரூபி மிஸ்: கேளும்.

கிஷாந்தன்: ஒங்க ரூமுக்கு இதுவரைக்கும் யாராச்சும் வந்தாங்களா?

சிவரூபி மிஸ்: அது சொல்லேலாது.

கிஷாந்தன்: பேரு வேணாம் மிஸ். ஒரு ஆளாச்சும் வந்தாங்களான்னுதான்.

சிவரூபி மிஸ்: அதுவும் சொல்லேலாது, கிஷாந்தன். இண்டைக்கு உமக்குச் சொன்னனெண்டா, நாளைக்கு வாற பிள்ளையப் பற்றியும் சொல்லுவன் எண்டுதானே நினைப்பீர். கெதியா முடிச்சிட்டு வாங்கோ.

கிஷாந்தன்: ... போயிட்டாங்க. பாத்தீங்களா? ஒருத்தரும் வரல. வந்திருந்தா பெருமையா சொல்லியிருப்பாங்க.

றிப்கா: அப்பிடியா நினைக்கிற?

கிஷாந்தன்: வேற எப்பிடி நெனைக்க? எவன் மொத ஆளாப் போவான்? போயி உக்காந்த பொறகு அது எலிப்பொறின்னு தெரிஞ்சா, எந்திரிச்சு வர முடியுமா?

றிப்கா: பேனா இரிக்கா உன்கிட்ட?

கிஷாந்தன்: எதுக்கு?

றிப்கா: முடிவ மாத்துவோம். அவன் சாகல்ல. மிஸ்ட ரூமுக்குப் போறான்.

கிஷாந்தன்: நெசமாவா? பிரின்சிபல் ஏசுனா?

றிப்கா: ஏசட்டும். எழுது. போய்க் கதவத் தட்டுறான்.

கிஷாந்தன்: ஒடனே தட்டமாட்டான் அக்கா. திரும்பிப் போயிருவான்.

றிப்கா: திரும்பிப் போயிட்டு, லைப்ரரிக்கு வந்த மாதிரி ஒரு புத்தகத்த எடுத்து வச்சிட்டு நிப்பான். ஒரு வரி படிக்கமாட்டான். பிறகு திரும்ப வந்து தட்டுவான்.

கிஷாந்தன்: சரி, தட்டிட்டான். உள்ள என்ன நடக்கும்? அதுதானே யாருக்கும் தெரியாது.

றிப்கா: மிஸ் எழும்பி வந்து கதவச் சாத்துவாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உக்கார மாட்டாங்க. கதிரைய இழுத்து இவனுக்குப் பக்கத்துல போடுவாங்க. ஏன் செஞ்சேன்னு கேக்கமாட்டாங்க. சாப்பிட்டீரோன்னு கேப்பாங்க. ஏச்சு வாங்கத் தயாரா வந்தவனுக்கு அதுலதான் அழுகை வரும்.

கிஷாந்தன்: ம்...

றிப்கா: அழுது முடியிற வரைக்கும் ஒண்ணும் பேசமாட்டாங்க. பிறகு ஒரு நாள் அவங்களே பஸ்ல பெரியாஸ்பத்திரிக்குக் கூட வருவாங்க. வழியில யாராவது கண்டா புத்தகம் வாங்கப் போறோம்னு சொல்லுவாங்க. முதல் ரெண்டு கிழமை, பதினாலு நாளும் பொல்லாதது. எல்லாரையும் கடிச்சு வைக்கத் தோணும். இதுக்குச் செத்தே போயிருக்கலாம்னு இரிக்கும். பிறகு ஒரு நாள் விடிய எழும்பினா... பசிக்கும். சும்மா, சின்னப் பிள்ளைக்குப் பசிக்கிற மாதிரி பசிக்கும். ரெண்டு ரொட்டி தின்னுட்டு மூணாவது கேப்பான். அன்னைக்கு வெளங்கும், இனி சரி வரும்னு.

கிஷாந்தன்: கடுதாசி?

றிப்கா: போகாது. அவன்ட உம்மாவுக்கு அவனே சொன்னாத்தான் தெரியும். சொல்லணும்னு அவனுக்கே ஒரு நாள் தோணும்.

கிஷாந்தன்: அக்கா... அந்தப் பிரெண்டு...

றிப்கா: சொல்லு.

கிஷாந்தன்: பிரெண்டு இல்ல.

றிப்கா: தெரியும்.

கிஷாந்தன்: எப்ப இருந்து?

றிப்கா: தள்ளாடி வான்னு சொல்லச் சொல்ல நேரா நடந்து வந்தியே, அப்ப இருந்து.

கிஷாந்தன்: தெரிஞ்சுமா என்னையச் சாகச் சொன்னீங்க?

றிப்கா: பயம் தம்பி. அவன் பொழச்சு வந்தா, பொழைக்கிற கதை உனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க. செத்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அதுக்குப் பயந்துதான் அவனக் கொன்னேன்.

கிஷாந்தன்: ஒங்களப் போயி யாரு அப்பிடிக் கேக்கப் போறாங்க? நீங்க இதெல்லாம் கண்டிருக்க மாட்டீங்கன்னு மிஸ்ஸே இப்ப சொல்லிட்டுப் போனாங்களே.

றிப்கா: பரீட்சைக்கு முழிச்சிருக்கன்னு குளிசை போடத் தொடங்கி, விட ஏலாமப் போய், அந்தக் கதவ முதல்ல தட்டினது நான்தான் கிஷாந்தன். இப்பவும் ஒவ்வொரு புதன்கிழமையும் மிஸ்ஸுக்குப் பக்கத்துக் கதிரையிலதான் உக்காந்து பேசுறேன். இப்ப என்ட மூஞ்சிய நேராப் பாத்துத்தானே அப்பிடிச் சொல்லிட்டுப் போனாங்க... அவங்க கண்ணுல உனக்கு ஏதாவது தெரிஞ்சிச்சா?